எந்த மூன்றாவது தெரு?

“தெருவுக்குப் பேரு வெச்சாத் தண்ணி வந்துடுமா சார்?”

சென்னைக்குத் தெற்கே நான் குடியிருக்கும் பேரூராட்சியில், ஒரு புதிய மனைப்பிரிவின் தெருப்பெயர்கள் ஒப்புதலுக்கு வரவிருந்த வாரத்தில், மனுவோடு போன எங்களிடம் மன்ற உறுப்பினர் ஒருவர் கேட்ட கேள்வி இது. கேலியாகக் கேட்கவில்லை, அலுத்துப்போய்க் கேட்டார். மனை போட்டவர் கொடுத்த பட்டியல் ஓர் எழுத்துக்கூட மாறாமல் தீர்மானமானது. பட்டியலின் முதல் பெயர் ‘லேக் வியூ அவென்யூ’. அந்த இடத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ‘கலங்கல் கழனி’ என்பார்கள். இரண்டு பெயர்களுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

உறுப்பினரின் பக்கத்து வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். புதிய மனைப்பிரிவில் தெருப்பெயர் ஒரு சில்லறைச் சங்கதி. நிலம் மனை போட்டவருடையது, சாலையும் அவர் காசில் போட்டது, பெயரையும் அவரே வைக்கட்டும். பெயர் வேண்டாமென்றால் முதல் தெரு, இரண்டாவது தெரு என்று எண் கொடுத்துவிடலாம். கைப்பேசியில் வரைபடம் வந்தபிறகு பெயர்ப்பலகையைப் பார்த்து வழி தேடுகிறவர் யார்? பெயர் என்று பேச்செடுத்தாலே சாதியும் கட்சியும் உள்ளே வந்துவிடும். பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். காலி மனைக்கு வரலாறு என்று ஒன்று இருக்கிறதா என்ன? குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு என்று தலைக்குமேல் வேலை கிடக்கும்போது மன்றம் இதில் நேரம் செலவழிப்பது வீண்.

விற்றவர், வாங்கியவர், அலுவலர், உறுப்பினர் என எல்லாருமே ஏறக்குறைய ஒரே குரலில் சொல்வது இதைத்தான். ஒன்றொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம்.

1. ‘நிலம் அவருடையது, பெயரும் அவருடையது’

எதுவரை அவருடையது? நகர் ஊரமைப்பு இயக்ககமோ சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமோ ஒரு மனைப்பிரிவை அங்கீகரிக்க வேண்டுமானால், அதன் உள்சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி அதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பத்திரம் பதிவான நாளிலிருந்து அந்தச் சாலையில் மனை போட்டவருக்கு ஓர் அங்குலம்கூடக் கிடையாது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதென்பார்கள். அது வாங்கியவனுக்குச் சொன்ன புத்தி. கொடுத்தவன் மாட்டின் முதுகில் தன் பெயரைச் சூடுபோட்டு அனுப்பலாம் என்று எந்தப் பழமொழியும் சொல்லவில்லை.

தானம் என்கிற சொல்லே இங்கே கொஞ்சம் அதிகம். சாலைக்கான நிலத்தின் விலை, தார் போட்ட செலவு, பத்திரச் செலவு எல்லாம் மனையின் சதுர அடி விலைக்குள் ஏற்கெனவே ஏறியிருக்கின்றன. மனை வாங்கியவர் பணத்தில் போட்ட சாலை, ஊருக்குச் சொந்தமான சாலை. அதற்குத் தன் பேரனின் பெயரை வைக்க மனை போட்டவர் யார்?

அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் ஒன்றை விரித்துப் பாருங்கள். மனைகளுக்கு எண் இருக்கும். சாலைகளின் மேல் ‘7.2 மீட்டர் அகலச் சாலை’, ‘9 மீட்டர் அகலச் சாலை’ என்று அகலம் மட்டும் இருக்கும். அகலத்தில் அரை மீட்டர் குறைந்தால் கோப்பைத் திருப்பி அனுப்பும் அலுவலகம், பெயரைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அந்த வெற்றிடத்தை விளம்பரத் துண்டறிக்கை நிரப்புகிறது. விற்பனைக்காக அச்சடித்த சொல் நாளடைவில் அரசுப் பதிவேட்டில் குடியேறிவிடுகிறது.

2. ‘எண் போதும்’

எண் எப்போது போதும்? ஒரே கை, ஒரே நேரத்தில், முழு ஊரையும் வரையும்போது. மன்ஹாட்டனின் எண் தெருக்கள் 1811-ஆம் ஆண்டின் ஒரே திட்டத்தில் பிறந்தவை. சண்டிகரின் செக்டார்கள் ஒரே தலைநகரத் திட்டத்தில் வந்தவை. நம் புறநகர் அப்படியா வளர்கிறது? ஒருவர் ஐந்து ஏக்கர் வாங்கி ஒரு நகர் போடுகிறார். ஒன்று முதல் ஐந்து வரை தெருக்கள். அடுத்த கழனியை வேறொருவர் வாங்குகிறார். மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறார். முதலாமவருக்குப் பின்பக்கம் இரண்டு ஏக்கர் கிடைக்கிறது. ‘விரிவு’ என்று ஒட்டுப்போட்டு, அங்கேயும் முதல் தெரு. ஒரு கிலோமீட்டருக்குள் நான்கு மூன்றாவது தெருக்கள் வந்துவிடும். வீட்டு வாசலில் நின்றுகொண்டு கைப்பேசியில் ‘மூன்றாவது தெரு’ என்று கத்துகிறவர் எந்த மூன்றாவது தெருவைச் சொல்கிறார்?

இது ஒரு பேரூராட்சிக்குள் நடக்கும் குழப்பம். ஊர்கள் ஒன்றாகச் சேரும்போது என்ன ஆகும்? 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது 42 உள்ளாட்சிகள் அதற்குள் வந்தன. ஒவ்வொன்றும் தன் காந்தி தெருவையும் நேரு தெருவையும் முதல் குறுக்குத் தெருவையும் மூட்டை கட்டிக்கொண்டே வந்தது. 2019-இல் ஆவடியும் 2021-இல் தாம்பரமும் மாநகராட்சிகளானபோதும் கதை இதுதான். வேளச்சேரியிலும் ராம் நகர் உண்டு, பக்கத்து மடிப்பாக்கத்திலும் ராம் நகர் உண்டு. இரண்டுக்கும் ‘தனி ஊர்’ என்ற சமாதானம் ஒருகாலத்தில் இருந்தது. இப்போது இரண்டும் ஒரே மாநகராட்சி.

எண் நிலையானது என்பதும் பொய். சென்னை வீட்டுக் கதவுகளில் ‘பழைய எண்’, ‘புதிய எண்’ என்று இரண்டு எண்கள் இன்னும் தொங்குகின்றன. எந்த எண் யாருக்குத் தெரியும் என்று தெரியாததால் கடிதத்தில் இரண்டையும் எழுதுகிறோம். எண்ணுக்கு நம்பிக்கையும் விருப்புவெறுப்பும் ஒட்டாது என்பது அடுத்த பொய். சண்டிகரை வகுத்தவர்கள் 13 என்ற செக்டாரே இல்லாமல் 12-லிருந்து 14-க்குத் தாவினார்கள். நம்மூரில் எட்டாம் எண் மனை விற்க எத்தனை நாள் ஆகிறது என்று தரகரைக் கேட்டுப்பாருங்கள்.

3. ‘கைப்பேசி வழி சொல்லும்’

யாருடைய கைப்பேசி? அஞ்சல் துறை 1972-இல் பின்கோடு கொண்டுவந்தது. 2025-இல் நாட்டையே ஏறக்குறைய நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துகள் கொண்ட ‘டிஜிபின்’ கொடுத்தது. நல்ல கருவி. ஆனால் நள்ளிரவில் மார்பைப் பிடித்துக்கொண்டு கணவர் சாய்ந்திருக்கும்போது 108-ஐ அழைக்கும் எழுபது வயது அம்மா, பத்து எழுத்துகளையா சொல்வார்? தெருப்பெயரைச் சொல்வார். அது நான்கு இடத்தில் இருந்தால் ‘பிள்ளையார் கோயில் பக்கம்’ என்பார். பிள்ளையார் கோயில் இல்லாத நகர் எது?

எங்கள் தெருவில் ஒரு முறை இது நடந்தது. வண்டி வந்துவிட்டது, ஆனால் அடுத்த நகரின் இரண்டாவது குறுக்குத் தெருவில் நின்றது. சுழலும் விளக்கின் நீல வெளிச்சம் மாடிகளின் மேல் தெரிந்தது. நாங்கள் நாலைந்து பேர் செருப்புக்கூடப் போடாமல் அதை நோக்கி ஓடினோம். ஓட்டுநர்மேல் ஒரு குற்றமும் இல்லை. எங்கள் முகவரிதான் அவரை அங்கே அனுப்பியது. நோயாளி பிழைத்துக்கொண்டார் என்பதால் இதை ஒரு கதையாகச் சொல்ல முடிகிறது.

தெருப்பெயர் வழிகாட்டிப் பலகை மட்டும் என்று நினைப்பதில்தான் இந்த வாதம் சறுக்குகிறது. வாக்காளர் பட்டியலின் ஒவ்வொரு பாகமும் தெரு வாரியாகத்தான் பிரிகிறது. சொத்து வரிக் கேட்புப் பதிவேடு தெரு வாரியாக இருக்கிறது. பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு, புல எண்ணுக்கு இவ்வளவு என்பதோடு தெருவுக்கு இவ்வளவு என்றும் நிர்ணயிக்கப்படுகிறது. உங்கள் ஓட்டும் உங்கள் வரியும் நீங்கள் கட்டும் முத்திரைத் தீர்வையும் ஒரு தெருவின் பெயரில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. செயற்கைக்கோள் பார்த்துச் சொல்லும் இடம் வேறு, அரசு உங்களை எழுதிவைத்திருக்கும் இடம் வேறு.

4. ‘பெயர் வைத்தால் சண்டை வரும்’

வரும். இந்த ஒரு வாதத்துக்கு மட்டும் நான் பாதி தலை வணங்குகிறேன். தமிழ்நாட்டில் தெருப்பெயர் என்பது சாதியின் கொடிக்கம்பமாக இருந்திருக்கிறது. எழுபதுகளின் இறுதியில் எம்.ஜி.ஆர். அரசு தெருப்பெயர்களிலிருந்து சாதியை நீக்கச் சொன்னது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து, 2025 அக்டோபரில், தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை மாற்ற மீண்டும் ஓர் அரசாணை வெளியிட வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். குடியேற்றம் என்ற பொருளில் வந்த சொல், நம் ஊர்களில் யார் எங்கே குடியிருக்கிறார் என்று சுட்டும் விரலாக மாறிப்போனதுதான் காரணம்.

இதிலிருந்து ‘பெயரே வேண்டாம்’ என்ற முடிவுக்கு எப்படி வருகிறார்கள்? எனக்கு வேறு முடிவு தெரிகிறது. கவனிக்காமல் விட்ட பெயர்தான் ஐம்பது ஆண்டு கழித்தும் அரசாணை கேட்கிறது. மன்றம் ஒதுங்கிக்கொண்டால் அந்த இடத்தில் நடுநிலை வந்து உட்காராது. யார் கையில் பெயர்ப்பலகைக்குப் பணம் இருக்கிறதோ அவர் வந்து உட்காருவார். மனை போட்டவர் தன் தாத்தாவின் முழுப்பெயரை வாலோடு சேர்த்துத் தெருவுக்கு வைத்தால், அதைத் தடுக்கும் ஒரே இடம் அந்த மன்றக் கூட்டம். அங்கே கண்ணை மூடிக்கொண்டு கை தூக்கிவிட்டுச் சமத்துவம் பேசுவதில் அர்த்தமில்லை.

கட்சி? அதுவும் வரும். தியாகராய நகரைப் பாருங்கள். 1920-களில் மாம்பலம் ஏரிப் பகுதியில் உருவான அந்தக் குடியிருப்பு அன்றைக்கு ஒரு ‘புதிய மனைப்பிரிவு’. பிட்டி தியாகராயர், பனகல் அரசர், டி.எம். நாயர், முகம்மது உஸ்மான் என்று அதன் தெருக்களும் பூங்காவும் நீதிக்கட்சியின் வரிசையாகவே இருக்கின்றன. ஒருதலைப் பட்சமான பெயர் சூட்டல் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று நூறாண்டு கழித்தும் கேட்டு விவாதிக்க முடிகிறது. ‘ரோஸ் அவென்யூ’வை யாரிடம் போய் விவாதிப்பது?

பொதுப்பெயரிலும் சோம்பேறித்தனம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. அரும்பாக்கத்தில் எம்.எம்.டி.ஏ. காலனி இருக்கிறது. திட்டமிட்ட அலுவலகத்தின் பெயரே ஊருக்கு மிஞ்சியது. பிறகு அந்த அலுவலகம் தன் பெயரைச் சி.எம்.டி.ஏ. என்று மாற்றிக்கொண்டது, ஊர் பழைய பெயரோடு தங்கிவிட்டது. பெரியவர்களின் நீளமான பெயர்களை வைத்து, அவை டி. நகர், கே.கே. நகர் என்று எழுத்துகளாகத் தேய்வதையும் பார்த்திருக்கிறோம். ஆகவே மன்றத்துக்கு அதிகாரம் இருந்தால் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்தும்போது கொஞ்சம் யோசிக்கவும் வேண்டும்.

5. ‘பிறகு மாற்றிக்கொள்ளலாம்’

மாற்றிப் பார்த்திருக்கிறோமே. அண்ணா சாலை என்று பெயர் மாறிப் பல பத்தாண்டுகள் ஆகியும் ஆட்டோக்காரரிடம் ‘மவுண்ட் ரோடு’ என்றே சொல்கிறோம். பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் பெரியார் ஈ.வெ.ரா. சாலை என்பது பலகையில் இருக்கிறது, வாயில் ஏறவில்லை. தெருப்பெயர் நாக்கில் ஒட்டுவது முதல் சில ஆண்டுகளில். பால்காரர், கூரியர் பையன், பள்ளி வேன் ஓட்டுநர் ஆகியோர் வாயில் ஏறிவிட்ட பெயரை அதற்குப் பிறகு எந்த அரசாணையும் இறக்க முடியாது.

நாக்கை விடுங்கள், காகிதத்தைப் பாருங்கள். ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிக் கணக்கு, மின் இணைப்பு, எரிவாயு இணைப்பு, பாஸ்போர்ட் என்று ஒரு வீட்டுக்கு எத்தனை இடத்தில் முகவரி இருக்கிறதென்று எண்ணிப்பாருங்கள். மன்றம் ஒரு வரித் தீர்மானத்தில் பெயரை மாற்றிவிடும். அந்த ஒரு வரிக்காக ஒவ்வொரு குடும்பமும் எத்தனை நாள் சம்பளத்தை விட்டு எத்தனை வரிசையில் நிற்க வேண்டும்? வீடு ஏறுவதற்கு முன்பு, தெருவில் முள்செடி மட்டும் இருக்கும்போது பெயர் வைத்தால் இந்தச் செலவு பூஜ்யம். இலவசமாகக் கிடைக்கும் நேரத்தில் செய்யாமல், ஊரே பணம் கட்டும் நேரத்துக்குத் தள்ளிப்போடுவதற்குப் பெயர் சிக்கனமா?

6. ‘காலி மனைக்கு என்ன வரலாறு?’

காலி என்று யார் சொன்னது? மனை ஆவதற்கு முன்னால் அது நஞ்சை. நஞ்சைக்கு மேலே ஏரி, ஏரிக்கு மதகு, மதகிலிருந்து வாய்க்கால், ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடக் கலங்கல். ஒவ்வொரு கழனிக்கும் உழுதவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. புல எண் வந்தபிறகும் பேச்சில் அந்தப் பெயர்தான் நடமாடியது. மனைப்பிரிவு போடும்போது வரப்பைச் சமப்படுத்தும் அதே இயந்திரம் அந்தப் பெயர்களையும் சமப்படுத்திவிடுகிறது.

இது ஏக்கப் புலம்பல் என்று தள்ளிவிடுவார்கள் என்பதால் கணக்காகவே பேசுகிறேன். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’ என்றே ஒரு பகுதி இருக்கிறது, அங்கும் ஏரி இல்லை. அந்த ஏரியின் இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. தண்ணீர் போனபிறகும் அங்கே தண்ணீர் இருந்ததற்கு மிஞ்சிய சாட்சி தெருப்பெயர்தான். பழவந்தாங்கலில் ‘தாங்கல்’ என்பது சிறிய ஏரி என்று தெரிந்தவருக்கு அந்த ஊரின் நிலமட்டம் பற்றிப் பாதி தெரிந்துவிடும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, ‘எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே’ என்று அழுதவர்கள் ஏராளம். சொல்லியிருக்க வேண்டிய வாய்களில் ஒன்று தெருமுனைப் பலகை.

‘லேக் வியூ அவென்யூ’வும் ஏரியைத்தானே சொல்கிறது என்று கேட்கலாம். ஏரியைக் காட்சியாகச் சொல்கிறது. பால்கனியில் நின்று பார்க்கலாம் என்கிறது. அதே இடத்துக்குக் ‘கலங்கல் தெரு’ என்று பெயர் வைத்தால், ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். மனை விற்பவர் முதல் பெயரைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. மன்றம் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தது என்பதே கேள்வி. மன்றத்திடம் விற்க மனை எதுவும் இல்லையே.

7. ‘மன்றத்துக்கு வேறு வேலை இருக்கிறது’

எவ்வளவு வேலை என்று பார்த்துவிடுவோம். தானப் பத்திரத்தை ஏற்கும் கோப்பு மன்றத்துக்கு எப்படியும் வருகிறது. அதோடு ஒரு தாளை இணைக்கச் சொன்னால் போதும். அந்தத் தாளில் ‘7.2 மீட்டர் அகலச் சாலை’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு பெயர். அந்தப் பெயர் உள்ளாட்சி எல்லைக்குள்ளும், ஒட்டியிருக்கும் உள்ளாட்சியிலும் ஏற்கெனவே இல்லை என்று எழுத்தர் ஒருவரின் கையெழுத்து. சாதி வால் இல்லை, மனை போட்டவரின் குடும்பமோ நிறுவனமோ இல்லை, உயிரோடு இருப்பவர் யாரும் இல்லை என்ற உறுதி. நிலத்தின் பழைய பெயரை, வாய்க்காலை, மதகை அறிந்த ஊர்க்காரர் இரண்டு பேரின் வாக்குமூலம். வாயில் நுழையும் அளவுக்கு நீளம். தெருவின் இரண்டு முனையிலும் பலகை. இதற்குத் தனி நிதி வேண்டாம், தனித் துறை வேண்டாம். இங்கிலாந்தில் வீடு கட்டும் நிறுவனம் பெயரை முன்மொழியும். உள்ளூர் மன்றம் பக்கத்தில் அதே பெயர் இருக்கிறதா என்று பார்த்து ஒப்பும் அல்லது திருப்பி அனுப்பும். அங்கே அது யாருக்கும் வேலைப்பளுவாகத் தெரியவில்லை.

குடிநீரும் சாக்கடையும் பெரிய வேலை, தெருப்பெயர் சின்ன வேலை என்று பிரிப்பதே தவறு. ‘குழாய் உடைந்துவிட்டது’ என்று புகார் எழுதும்போது முதல் வரியில் எதை எழுதுகிறோம்? தண்ணீர் லாரியின் நடைச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? பெரிய வேலைகள் எல்லாம் அந்தச் சின்ன வேலையின் முகவரிக்குத்தான் வந்து சேர வேண்டும்.

அன்றைக்கு அந்த உறுப்பினருக்கு நான் பதில் சொல்லவில்லை. மனுவின் நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டேன். எங்களோடு வந்திருந்த பெரியவர், அந்தக் கழனியில் நாற்பது ஆண்டு ஏர் ஓட்டியவர், மட்டும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்து முணுமுணுத்தார். இப்போது யோசித்தால், மேலே நான் ஏழு எண் போட்டு எழுதியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டிருக்கிறார்:

“பேரு வெச்சாலும் வரும், வெக்காட்டியும் வரும். கார்த்திகையில ஏரி ரொம்பட்டும், கலங்கல் வழியாத் தண்ணி தானா வரும். பேரு வெச்சிருந்தா வாங்குறவனுக்குத் தெரிஞ்சிருக்கும்.”